பேரும் பெயரும்: ஊவாத் தோட்டங்களிற் பெண்மகவுக்குப் பெயரிட்ட வரலாறு

தமிழிற் பெயரன், பெயர்த்தி என்னும் முறைப்பெயர்கள் பெயர் என்ற சொல்லினின்றே பிறந்தவை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உலக வழக்கில் இவை பேரன், பேர்த்தி எனத் திரிந்தபோது அவற்றுள் உறைந்திருந்த பொருள் பலர்க்கும் மறந்துபோயிற்று. பழந்தமிழ்க் குடும்பத்திற் குழந்தைக்குப் புதிய பெயர் தேடுவது வழக்கமன்று. பழைய பெயருக்குப் புதிய உடல் கிடைத்ததென்றே கொண்டனர். அதனாற் பெயரைத் தெரிவது எவர்க்கும் பெரிய வேலையாயிருக்கவில்லை. அது முன்னரே தெரியப்பட்டிருந்தது.

இந்தச் சொல்லுக்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், பொதுவாக மலையகமெங்கணும், இலக்கணநூலார் அறியாத பிறிதொரு பொருளுமுண்டு. அங்கே 'பேர்' என்றால் ஒருநாட் சம்பளம். காலையிற் பெரட்டுக்களத்துக்கு வந்து, குறித்த அளவு கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்தவளுக்கு ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே அன்றைய நாளைக் கணக்கப்பிள்ளை குறிக்கிறாராதலின், பெயரும் கூலியும் ஒன்றாகிவிட்டன. புதிதாக ஒருவரைத் தொழிலிற் சேர்ப்பதற்குப் 'பேர் பதிதல்' என்று வழங்கினர். மனிதரின் பெயரை இரண்டாக முறித்து 'அரைப்பேர்' என்று கூறும் வழக்குத் தமிழ் பேசும் பிற நிலங்களிற் காண்பது அரிது. இந்த இரு பொருள்களுக்கும் இடையே ஒரு பெண்குழந்தையின் பெயர் எவ்வாறு தெரியப்பட்டது, எவ்வாறு எழுதப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

தோட்டத் தமிழர் ஊவாவுக்கு வந்த வரலாறு பலரும் அறிந்ததே, விரிக்க வேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் கீழ்க் கூட்டங்கூட்டமாக வந்தனர். 1869இல் இலை நோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. புகையிரதம் 1894இற் பண்டாரவளைக்கும், 1924இற் பதுளைக்கும் வந்தது. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தைத் தொமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய பின்னர், ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. இலைக்குக் கிடைத்த பெயர் அதனைப் பறித்த விரல்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

முதல் இரு தலைமுறைப் பெண்களின் பெயர்களை நோக்கினால், அவை ஊரிலிருந்து மூட்டையோடு கட்டி வந்தவை என்பது தெளிவாகும். மாரியாயி, காளியம்மாள், பேச்சி, அங்கம்மாள், கருப்பாயி, இராமாயி, செல்லாயி, மீனாட்சி, பொன்னம்மாள் என்பன பெருவழக்கு. மாரியும் காளியும் ஊர்த் தெய்வங்கள், மீனாட்சி மதுரைக்காரி. தோட்டம் தனக்கென்று புதுத் தெய்வங்களையும் படைத்துக்கொண்டது. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காப்பவர் ரோதைமுனி ஆனார். செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்திக்குக் காவலாகக் கவ்வாத்துச்சாமி தோன்றினார். தெய்வங்களின் வரிசையிற் புதுமை புகுந்த அளவுக்குப் பெண்களின் பெயர்களில் அக்காலத்திற் புதுமை புகவில்லை. பாட்டியின் பெயரைப் பேர்த்தி தாங்கும் மரபு அத்துணை உறுதியாயிருந்தது.

வேறொரு வகைப் பெயர்களும் இருந்தன. மூக்காயி, குப்பாயி, பிச்சையம்மாள் என்பன அவை. முன்பிறந்த குழந்தைகள் இறந்துபோன வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தையின் மூக்கைக் குத்தி மூக்காயி என்றனர். குப்பையில் ஒருகணம் கிடத்தி எடுத்துக் குப்பாயி என்றனர். பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சையம்மாள் என்றனர். இழிந்த பெயரைச் சூட்டினாற் காலன் இதனைப் பொருட்டாக எண்ணான் என்பது நம்பிக்கை. நாகரிகம் பெற்றோர் இப்பெயர்களைக் கேட்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பத்தடி நீளமும் அகலமுமுள்ள லயத்துக் காம்பராவிற் பிறந்து, பனியிலும் வயிற்றோட்டத்திலும் மடிந்த குழந்தைகளின் தொகையை எந்தப் புள்ளிவிவரத்தினும் இப்பெயர்கள் நன்கு உரைக்கின்றன. ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோலில் மூக்காயிகளும் குப்பாயிகளும் மிகுந்திருந்தால், அங்கே மகவைப் பறிகொடுத்த தாய்மார் மிகுந்திருந்தனர் என்று கொள்வதிற் பிழையில்லை. போதும்பொண்ணு என்ற பெயர் இவற்றின் வேறானது. அது காலனுக்குச் சொன்ன பெயரன்று. இனிப் பெண் வேண்டாமென்று கடவுளுக்குச் சொன்ன விண்ணப்பம். அதனைச் சுமந்தவளோ வாழ்நாள் முழுதும் பிறர் வாயினால் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்த மண் தந்த பெயர் ஒன்று உண்டெனின் அது வள்ளி. வள்ளி என்பது தமிழ்நாட்டிலும் வழங்கும் பெயரே. தொண்டை மண்டலத்து வள்ளிமலையை அவள் பிறந்த இடமாகக் கூறுவர். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கண்டெடுக்கப்பட்டு, வேடர் தலைவன் நம்பியால் வளர்க்கப்பட்டு, தினைப்புனங் காத்து நின்ற அக்குறமகளை முருகன் மணந்த கதை தமிழ்க் குழந்தைகள் யாவரும் அறிந்தது. ஆயினும் அக்கதை ஊவாவில் ஏட்டிலும் மேடையிலும் மட்டும் நிற்பதன்று. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் தென்கோடியிலே உள்ளது. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் அத்தலத்தைத் திருப்புகழிற் பாடியுள்ளார். ஆடித் திருவிழாவில் முருகன் எழுந்தருளும் பெரஹரா அவனுடைய கோயிலினின்று புறப்பட்டுச் செல்வது வள்ளியின் கோயிலுக்கே. தெய்வானைக்கும் அங்கே கோயிலுண்டு. எனினும் விழாவின் நாயகி வள்ளிதான். இலங்கை வேடர் அவளைத் தம் குலத்து மகளாகக் கருதுவர். சிங்கள மக்களும் அவளை வள்ளி அம்மா என்றே வழிபடுவர். பதுளை நகரிலும் கதிர்காமத் தேவாலயம் ஒன்று நெடுங்காலமாக உள்ளது.

மலைச் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவளுக்கு மலைச் சரிவில் நின்று தினைப்புனங் காத்தவளை உறவாகக் கொள்ளுதல் அரிதன்று. கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கதிர்காம யாத்திரைக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்த காலத்திலும் தோட்டத்தார் அத்தலத்தை மறக்கவில்லை. வள்ளி, வள்ளியம்மை, வள்ளியம்மாள் என்ற பெயர்கள் ஊவாவில் வேரூன்றியதற்கு இதுவே காரணமெனலாம். பாட்டி பெயர் என்னும் மரபுக்கும், வாழும் நிலத்தின் தெய்வம் என்னும் உணர்வுக்கும் ஒருங்கே பொருந்திய பெயர் அது. அதில் இன்னுமொரு நயமுண்டு. தமிழர், சிங்களவர் ஆகிய இருசாராரும் பொருளறிந்து உச்சரிக்கக்கூடிய பெயர் அது.

இனி, பெயரிடும் சடங்கைச் சிறிது நோக்குவோம். பதினாறாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ துடக்குக் கழித்து, தொட்டிலிட்டு, குழந்தையின் காதில் மும்முறை பெயரை ஓதுவர். தாய்மாமனும் அத்தையும் முன்னிற்பர். தந்தை வழிப் பாட்டியின் பெயரே பெரும்பாலும் முதற் பெண்ணுக்கு உரியது. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. மருமகள் மாமியாரின் பெயரை வாயாற் சொல்லுதல் மரபன்று. ஆகவே பெற்ற தாயே தன் மகளை அவளுடைய பெயரால் அழைக்க இயலாதவளானாள். இராமாயி என்ற மாமியாரின் பெயரைத் தாங்கிய மகளைத் தாய் பாப்பா என்றோ, தங்கம் என்றோ, செல்லம் என்றோ அழைத்தாள். லயத்தார் அதனையே பற்றிக்கொண்டனர். பன்னிரண்டு பதின்மூன்று அகவையில் அவள் மலைக்குச் சென்றபோது, உன் பெயர் என்ன என்று கணக்கப்பிள்ளை வினவினால், அவள் அறிந்த பெயரைச் சொன்னாள். செக்ரோலில் அவள் தங்கம்மாள் ஆனாள். ஒரே கங்காணியின் கூட்டத்தில் முன்னரே ஒரு தங்கம்மாள் இருந்தால் இவள் சின்னத் தங்கம்மாள். பிறப்புப் பதிவேட்டிலோ அவள் இராமாயியே. மரியாதையின் பொருட்டு ஏற்பட்ட இவ்விரட்டைப் பெயர் பின்னாளில் எத்தகைய துன்பத்தை விளைத்தது என்பதைக் கீழே காண்போம்.

பெயரைச் சூட்டும் உரிமை லயத்துக்கு இருந்தது. எழுதும் உரிமை இருக்கவில்லை. இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதல் நடைபெறுகின்றது. தோட்டத்தில் நேர்ந்த பிறப்பை அறிவிக்கும் பொறுப்புத் தோட்டத் துரையைச் சார்ந்தது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பதிவுச் சட்டமும் தோட்டப் பிறப்புக்களுக்கெனத் தனிப்பகுதி வகுத்தது. தந்தை தோட்டக் கந்தோரின் வாயிலில் நின்று வாயாற் சொல்ல, கிளாக்கர் ஆங்கில எழுத்திற் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்தறியாத தந்தை அதனைப் படித்துப் பார்ப்பது எங்ஙனம்? துரைமாரின் தமிழோ கட்டளை இடும் அளவினது. 19ஆம் நூற்றாண்டிற் சின்னத்துரைகளுக்கென்று பெர்குசன் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலுக்கு 'இங்கே வா' என்றே பெயர். 1915இல் வெல்ஸ் என்பார் இயற்றிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஏவல் வினையைத் தலைப்பாகக் கொண்ட மொழிநூல் ஏனைய மொழிகளில் உண்டோ என்பது ஐயமே.

அத்துரைமார் தம் பங்குக்குப் பெயரிட்டனர், மலைகளுக்கு. பதுளையை அடுத்து ஸ்பிரிங்வெலி, கிளென் அல்பின் முதலிய தோட்டங்கள் எழுந்தன. இலங்கைத் தோட்டங்கள் பலவற்றின் பெயரில் வரும் கிளென் என்னும் சொல் ஆங்கிலமன்று. அது ஸ்கொத்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழிச் சொல். பள்ளத்தாக்கு என்பது பொருள். தோட்டங்களை நிறுவியவருட் பலர் ஸ்கொத்லாந்தினர். தம் ஊர்ப் பள்ளத்தாக்கின் நினைவை ஊவாவின் சரிவிற் பொறித்துச் சென்றனர். தொழிலாளரும் வாளாவிருக்கவில்லை. வாயில் நுழையாத அப்பெயர்களை ஒதுக்கித் தாமே தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தனர். அப்பெயர்கள் இன்றி ஆளையோ கடிதத்தையோ தோட்டத்துக்கு அனுப்புதல் அரிதாகிவிட்டமையின், பெர்குசனின் இலங்கைத் திரட்டு என்னும் ஆண்டுநூல் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட வேண்டியதாயிற்று. மண்ணுக்குச் சூட்டிய பெயரில் வென்றவர்கள், மகளுக்குச் சூட்டிய பெயரில் தோற்றனர்.

பிரித்தானியத் தீவில் ஆங்கிலேயரின் வேறான மொழியுடையார் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டார் மட்டுமல்லர். கேலிக் மொழிக்குத் தூரத்து உறவான வேல்சு மொழியைப் பேசும் வேல்சு நாட்டாரும் உளர். கிளென் என்பதற்கு அவர்கள் மொழியில் கிளின் என்பது இனமான சொல். பெயர் ஒருவர் வாயிலும் எழுதுகோல் பிறர் கையிலும் இருந்த நிலையைத் தோட்டத் தமிழருக்கு நெடுங்காலம் முன்னரே அவர்கள் கண்டனர். ஆதலின் அவர்களுடைய வரலாற்றை ஈண்டு ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

வேல்சு நாட்டாருக்குப் பழங்காலத்திற் குடும்பப் பெயர் இல்லை. தமிழரைப் போலத் தந்தை பெயரையே இணைத்து வழங்கினர். மகனுக்கு 'ஆப்', மகளுக்கு 'வெர்ஹ்'. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதே பொருள். 1536இலும் 1543இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் வேல்சு இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டு, நீதிமன்ற மொழி ஆங்கிலமாயிற்று. எழுதுவோர் வசதிக்கேற்ப ஆப் ஹவெல் என்பது பவெல் ஆயிற்று. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. மகன்களின் 'ஆப்' இவ்வாறு ஓரெழுத்தாகவேனும் எஞ்சியது. மகள்களின் 'வெர்ஹ்' பெரும்பாலும் சுவடின்றி மறைந்தது. பெண்குழந்தைகளின் பெயரும் பதிவேட்டில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாயின. கோயிற் பதிவேட்டில் மேரி, வீட்டில் மைர். பதிவேட்டில் மார்கிரெற், வீட்டில் மார்கெட், செல்லமாக மெகன். இராமாயிக்கும் தங்கத்துக்கும் நேர்ந்ததை ஒத்ததே இது. ஆயின் காரணம் வேறு. அங்கே அரசின் மொழி பிரித்தது. இங்கே மாமியார் மரியாதையும் சேர்ந்து பிரித்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேல்சு மக்களிடையே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பண்டைக் கதைகளினின்றும் புதிய இசையினின்றும் பெண்மக்களுக்குப் பெயரெடுக்கத் தொடங்கினர். மபினோகியன் என்னும் பழங்கதைத் தொகுதியில் வரும் ஒல்வென், பிரான்வென், ரியானன் என்னும் நங்கையரின் பெயர்கள் தொட்டிலுக்கு மீண்டன. ஒல்வென் என்பதன் பொருள் வெண்சுவடு; அவள் அடிவைத்த இடமெல்லாம் வெண்மலர் பூத்ததென்பது கதை. யோசெப் பரி என்னும் இசைவாணர் 1878இல் அரங்கேற்றிய வேல்சு மொழி இசைநாடகத்துக்குப் பிளொட்வென் என்று பெயர். வெண்மலர் என்பது பொருள். அந்நாடகத்தின் புகழோடு அப்பெயரும் வேல்சு வீடுகளிற் பரவியது. வீட்டுச் செல்லப்பெயராயிருந்த மெகன் என்பது முறையான பெயராயிற்று. 1902இற் பிறந்த மெகன் லொயிட் ஜோர்ஜ் என்பார் 1929இல் வேல்சின் முதற் பெண் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டபோது, அடுக்களையில் வழங்கிய பெயர் வெஸ்ட்மினிஸ்டர் மன்றத்துப் பதிவேட்டில் ஏறியது. வேல்சுத் தாய் ஒருத்தி தன் மகளுக்கு ஒல்வென் என்று பெயர் தெரிந்தபோது, எழுதுவோர் தடுமாறினாலும் தடுமாறட்டும் என்ற துணிவும் அத்தெரிவில் இருந்தது.

அத்துணிவு ஊவாவின் தாய்க்கு எளிதிற் கிடைத்ததன்று. வேல்சு நாட்டவள் பெயர் பிழைத்தாலும் குடியுரிமை பிழைக்கவில்லை. தோட்டத்தில் இரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1948 நவம்பர் 15க்கு முன் பிறந்தவர் வமிசவழிக் குடியுரிமை பெறுதற்கு, இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். 1867க்கு முன் பதிவே இல்லாத நாட்டிற் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டமை வேடிக்கை. பூட்டியின் பெயரையோ எவரும் கேட்கவில்லை. பாட்டியின் பெயரை வழிவழியாகக் காத்துவந்த குடும்பங்களுக்கு அப்பெயர் சட்டத்தின்முன் ஒரு பயனும் தரவில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் இடையறாது ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும். நிறுவுவது எதனைக்கொண்டு? பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, இவற்றோடு தோட்டத்தின் செக்ரோல். நாட்கூலிக்காக இட்ட 'பேர்' இப்போது நாட்டுரிமைக்குச் சான்றாயிற்று. அங்கேதான் இராமாயியும் தங்கம்மாளும் எதிரெதிரே நின்றனர். பிறப்புப் பத்திரத்து இராமாயி ஒருத்தி. செக்ரோல் தங்கம்மாள் பிறிதொருத்தி. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று யாது? லயம் முழுவதும் அறிந்த உண்மை கந்தோர் அறியாத உண்மையாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1960களின் நடுப்பகுதிவரை குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் யாவும் பெயர்ப் பிழையால் மறுக்கப்பட்டவை எனல் மிகையாகும், காரணம் பல. எனினும் எழுத்து வேறுபாடும் பெயர் வேறுபாடும் மறுப்பதற்கு எளிய வாயிலாயின என்பதை மறுத்தற்கில்லை.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களிற் புகையிரதம் ஏறித் தலைமன்னார் வழியாகக் கப்பலேறியோர் பல்லாயிரவர். பாட்டியின் பெயரைத் தாங்கிய பேர்த்தி இந்தியக் கடவுச்சீட்டோடு சென்றாள். பெயருக்குரிய பாட்டி தோட்டத்து மண்ணிலே கிடந்தாள். எஞ்சியோரின் வழக்கு முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தினால்.

இவ்வரலாற்றுக்கிடையிலும் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. மாற்றத்துக்கு முதல் வாயில் திரைப்படமும் வானொலியும். வேல்சு நாட்டிற் பிளொட்வென் செய்ததைத் தோட்டங்களிற் பத்மினியும் சரோஜாதேவியும் செய்தனர். நடிகையின் பெயரை மகளுக்கு இடுவதைக் கற்றறிந்தோர் இகழ்வர். அவ்விகழ்ச்சி முற்றும் நேரிதன்று. மூக்காயிக்குப் பிறந்தவளைப் பத்மினி என்று அழைத்தமையில், காலனுக்கு அஞ்சிய காலம் கழிந்தது என்ற நம்பிக்கை ஒலிக்கின்றது. மகள் வாழ்வாள் என்ற துணிவு வந்தபின்னரே அவள் அழகாயிருக்க வேண்டும் என்ற ஆசை வரும். இரண்டாம் வாயில் திராவிட இயக்கம். 1950களில் மலையகத்திற் கிளைகள் பரப்பி, 1962இல் அரசின் தடைக்கு உள்ளான அவ்வியக்கம், தூய தமிழ்ப் பெயர் என்னும் எண்ணத்தை இளைஞரிடையே விதைத்தது. தமிழ்ச்செல்வி, மலர்விழி, கண்ணகி, மணிமேகலை என்பன லயங்களுக்கு வந்தன. காப்பியத் தலைவியரைத் தொட்டிலுக்கு அழைத்த இச்செயல், ரியானனையும் பிரான்வெனையும் அழைத்த வேல்சு மக்களின் செயலோடு முற்றும் ஒப்பது.

மூன்றாவது வாயில் சோதிடம். நட்சத்திரத்துக்கு நான்கு பாதமாக 27 நட்சத்திரங்களுக்கு 108 எழுத்துக்கள் வகுத்து, அவ்வெழுத்திற் பெயர் தொடங்க வேண்டும் என்னும் வழக்கு முன்னர் வசதியுடையோரிடமே இருந்தது; பின்னர்ப் பஞ்சாங்கத்தோடு லயத்துக்கும் வந்தது. உரோகிணியிற் பிறந்தவளுக்குக் கவலையில்லை. வகரத்திற் பெயர் பல உண்டு, வள்ளியும் அமையும். அத்தத்திற் பிறந்தவளுக்கோ ணகரமும் வரலாம். ணகரத்தை முதலாகவுடைய சொல் தமிழில் இல்லையென்பதைப் பாலபாடம் கற்கும் மாணவனும் அறிவான். ஆதலால் வடமொழி எழுத்துக்களையும் எண்சோதிடத்தையும் கலந்து, பொருள் விளங்காத புதுப்பெயர்கள் ஆக்கப்படுகின்றன. பொருளற்ற பெயரினும் குப்பாயி மேலானது. அதிற் பொருளேனும் இருந்தது.

நான்காவதாக ஒன்றுண்டு. அதனை வாயில் என்பதா, கதவடைப்பு என்பதா? 1983 ஜூலையிற் பதுளை நகரமும் தீக்கிரையானது. அக்காலத்தை அடுத்துச் சிலர், தமிழ்ப்பெயரென்று கேட்டமாத்திரத்தில் அறியவியலாத பெயர்களை நாடினர். நிர்மலா, குமாரி, இந்திராணி, மல்லிகா போன்றன இரு இனத்தாருக்கும் பொது, முன்னரும் வழங்கியவையே. ஆயின் முன்னர் ஓசைக்காக விரும்பப்பட்டவை, இப்போது காவலுக்காகவும் விரும்பப்பட்டன. மூக்காயி என்று பெயரிட்டவள் காலனை ஏமாற்றினாள். இவர்கள் ஏமாற்ற விரும்பியது அண்டை அயலில் உலவிய மனிதரை.

எழுத்தின் இடர் இன்னும் முற்றும் நீங்கவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப்பின் ஊவாவிற் பதிவுகள் சிங்கள எழுத்திற் பெருகின. சிங்கள நெடுங்கணக்கில் ழகரம் இல்லை; அதனிடத்தில் ளகரத்தையே எழுதுவர். மலர்விழி மலர்விளி ஆவாள். விழி என்பது கண். விளி என்பது கூப்பிடுதல். சிங்களத்தினின்று ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தினின்று தமிழுக்கும் பெயர்க்கப்படும்போது அவள் மலர்வில்லியாகவும் கூடும். 1987ஆம் ஆண்டின் 13ஆந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் முன்னர் எழுதியவை எழுதியவையே. பதிவிற் பெயரைச் சேர்ப்பதற்கும் திருத்துவதற்கும் சட்டம் இடந்தருகின்றது. பிறப்பே பதியப்படாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. இவற்றுக்காகத் தோட்டத்தினின்று பதுளைக் கச்சேரிக்கு வந்துபோகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் இழப்பு. மகளின் பெயரைத் திருத்தத் தாய் தன் பேரை இழக்கிறாள்.

அப்பேரின் அளவையும் கூறிவிடல் தகும். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கப்பட்டபோது, ஆணின் பேர் 54 சதம். பெண்ணின் பேர் 43 சதம். செக்ரோலிற் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருந்தாலும் பெண்ணின் பேர் பதினொரு சதம் குறைந்ததாகவே இருந்தது. தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டத்தின் பின் 1984இலேதான் இருபாலாரின் நாட்சம்பளமும் சமமாயிற்று. அவ்வாண்டில் ஊவாவின் தோட்டமொன்றில் வள்ளி என்றும் மலர்விழி என்றும் செக்ரோலில் எழுதப்பட்ட பெண்களுக்கு, முதன்முறையாக ஆணுக்கு நிகரான முழுப்பேர் விழுந்தது.